லாடம் அடிக்க ஆள் இல்லை என்பது பாதி உண்மை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நெல்லை வட்டாரத்தில் குதிரை வைத்திருப்பவர்கள் இருவர் சந்தித்தால், கொள்ளு என்ன விலை என்பதற்கு முன்னால் வரும் கேள்வி, "லாடத்துக்கு யாரைப் பிடிச்சீய?" என்பதுதான். பந்தய வண்டிக் குதிரை, கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் குதிரை, ஆசைக்கு வளர்க்கும் மட்டக்குதிரை எல்லாவற்றுக்கும் இதே பாடு. யாராவது ஒரு எண் தருவார்கள். "நாளைக்குக் காலையில வந்துருதேன் அண்ணாச்சி" என்பார் அந்த ஆள். மறுநாள் போன் சுவிட்ச் ஆஃப். வெளி மாவட்டத்திலிருந்து இன்னொருவர் வருவார். அரை மணி நேரத்தில் நான்கு காலையும் முடித்துக் கூலியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். மூன்றாம் நாள் குதிரை முன்னங்காலைத் தரையில் ஊன்றாது. குதிரை வளர்ப்பவர்களாகிய எங்களுக்கு இந்த வேலையைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லவும், ஒரு கோரிக்கை வைக்கவும் இக்கடிதம்.

ஆள் இல்லை, ஆள் இல்லை என்று எல்லாரும் சொல்கிறோம். அது பாதி உண்மை. ஆள் தங்குவதற்கு வேண்டிய வேலை முறையை நாம் உண்டாக்கவில்லை என்பது மீதிப் பாதி. லாடம் கழன்று விழுந்த பிறகோ, பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னாலோதான் ஆள் தேடுகிறோம். அவசரத்துக்கு மட்டும் கூப்பிடும் வேலையை நம்பி யார் இருப்பார்?

கணக்கைப் பாருங்கள். குதிரையின் குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மி.மீ. வரை வளரும். லாடம் தேயாமல் இருந்தாலும் 6 வாரத்துக்கு ஒரு முறை, மிஞ்சிப்போனால் 8 வாரத்தில், அதைக் கழற்றிக் குளம்பைச் சீவி மறுபடி அடித்தாக வேண்டும். ஒழுங்காகச் செய்தால் ஒரு குதிரைக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு ஐந்து குதிரைக்கு மேல் குனிந்து நின்றால் அடிப்பவரின் இடுப்பும் தாங்காது, வேலையும் வேலையாக இருக்காது. ஆக, 30 குதிரைகள் சேர்ந்தால் ஒருவருக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் வேலை. வாரம் ஆறு நாளும் வேலை வேண்டுமென்றால் 180 குதிரைகள் வேண்டும். குதிரையை மட்டும் நம்பி இங்கே ஒருவர் குடும்பம் நடத்துவது கடினம். மாட்டு லாடம், பட்டறை வேலை, கதவு கிரில் வேலை என்று ஐந்து நாள் பார்த்துவிட்டு, ஆறாவது நாள் குதிரைக்கு என்று வைத்தால் நடத்தலாம். அந்த ஒரு நாளை உறுதிப்படுத்தித் தரவேண்டியது குதிரைக்காரர்கள்தான்.

குதிரை உண்டு, பார்க்க ஆளில்லை என்ற பெயர் நம் சீமைக்குப் பழையது. பாண்டிய நாட்டைப் பற்றியும் தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறையைப் பற்றியும் 13-ம் நூற்றாண்டின் இறுதியில் சொல்லிவைத்த மார்க்கோ போலோ, ஓர்முஸ், ஏடன் பக்கத்திலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்து இறங்கியதையும், ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட மிஞ்சாததையும் குறிப்பிடுகிறார். இங்கே குதிரை பேணத் தெரிந்தவர் இல்லை, லாடம் அடிப்பவரும் இல்லை என்கிறார். அப்படிப்பட்டவர்கள் இந்தப் பக்கம் வந்துவிடாமல் குதிரை வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பல் சரக்கு விலைபோகும்! இப்போது அந்த வியாபாரிகள் இல்லை, தடுப்பாரும் இல்லை. குறை மட்டும் அப்படியே இருக்கிறது.

மாட்டுக்கு லாடம் அடிப்பவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்களே, அவர்களைக் கொண்டு குதிரைக்கும் அடித்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். கேட்பது நியாயம். கைப்பழக்கம், ஆணி பிடிக்கும் நிதானம், சுத்தியல் எடை எல்லாம் அவர்களுக்கு அத்துபடி. ஆனால் மாட்டுக் குளம்பு இரண்டாகப் பிளந்தது. காலுக்கு இரண்டு மெல்லிய தகடு. மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நான்கு காலையும் சேர்த்துக் கட்டி, படுத்த நிலையில் அடிப்பார்கள். குதிரையை அப்படிச் சாய்த்தால் அது திமிறுகிற வேகத்தில் முதுகெலும்போ இடுப்போ போய்விடும். குதிரைக்கு நின்ற நிலையில், ஒவ்வொரு காலாகத் தூக்கித் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டுதான் அடிக்க வேண்டும். இன்னொரு பெரிய வேறுபாடு, குதிரைக் குளம்பு ஒரே ஓடு. எடை விழும்போது அதன் பின்பாதி, அதாவது குதிப்பக்கம், கொஞ்சம் விரியும். எடை நீங்கினால் சுருங்கும். அந்தப் பின்பாதியில் ஆணி அடித்துப் பூட்டிவிட்டால் விரிய வழியில்லாமல் நாளடைவில் குதி ஒடுங்கிப்போகும். மாட்டு ஆசாரிக்கு இதைச் சொல்லிக்கொடுக்காமல் குதிரைக் காலைக் கையில் கொடுப்பது அவருக்கும் நல்லதல்ல, குதிரைக்கும் நல்லதல்ல. சொல்லிக்கொடுத்தால் அவரைவிடப் பொருத்தமான ஆள் இந்த மாவட்டத்தில் கிடையாது என்பதே எங்கள் எண்ணம்.

ஒருவருக்கு வேலை தெரியுமா என்பதைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். காலைத் தூக்குவதற்கு முன்பே அது தெரிந்துவிடும். தெரிந்தவர் முதலில் குதிரையைக் கெட்டியான சமதரையில் நிறுத்தி முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்ப்பார். பத்தடி நடக்கவிட்டுப் பார்ப்பார். பழைய லாடம் எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று கேட்காமலே பார்ப்பார். வந்ததும் வராததுமாகப் பையிலிருந்து குறடை எடுப்பவரை அப்போதே டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுவது மேல்.

பழைய லாடத்தைக் கழற்றுவதில்தான் முதல் கெடுதல் நடக்கிறது. ஆணியின் நுனி குளம்புக்கு வெளியே வந்து மடக்கியிருக்குமல்லவா, அந்த மடக்கை உளியும் சுத்தியலும் வைத்து நிமிர்த்த வேண்டும், அல்லது அரத்தால் தேய்த்து அகற்ற வேண்டும். அதன்பிறகு குதிப்பக்கத்திலிருந்து தொடங்கி, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சமாக, குறட்டைக் குளம்பின் நடுவை நோக்கிச் சாய்த்துச் சாய்த்து லாடத்தைத் தளர்த்த வேண்டும். மடக்கை எடுக்காமல் ஒரே இழுவையாக வெளிப்பக்கம் இழுத்தால் ஆணியோடு குளம்புச் சுவரும் பிய்ந்து வரும். பிய்ந்த இடத்தில் அடுத்த முறை ஆணி பிடிக்காது, பிடிக்காததால் வேறு இடத்தில் அடிப்பார்கள், அதுவும் பிய்யும். நல்ல குளம்பு ஓரிரு தடவையில் கந்தலாவது இப்படித்தான். குளம்பின் முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை புதிதாக வளர்ந்து வர 9 மாதம் முதல் ஒரு வருஷம் ஆகும் என்பதை மறக்கக்கூடாது.

அடுத்தது சீவுதல். உள்ளங்குளம்பில் தானாக உதிர்கிற செத்த படலத்தை மட்டும் கத்தியால் எடுத்தால் போதும். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்குகிற அளவுக்குச் சீவினால் சரளைக் கல்லில் நடக்கும்போது அடி கன்றிப்போகும். நடுவில் முக்கோணமாக ரப்பர் போல் இருக்கும் மெத்தை, குதிரைக்கு அதிர்ச்சி தாங்கி. அதில் தொங்குகிற கிழிசலைத் தவிர எதையும் வெட்டக்கூடாது. பார்க்கச் சுத்தமாக இருக்கிறது என்று அதை அழகாகச் செதுக்கித் தருபவர்கள் உண்டு. பணம் கொடுத்துக் கெடுதல் வாங்குவது அது. குளம்புச் சுவரைக் குறடால் வெட்டி, பெரிய அரத்தால் சமன் செய்த பிறகு, குதிரையைத் தரையில் நிறுத்திப் பக்கவாட்டில் பார்த்தால், கணுக்காலுக்குக் கீழுள்ள சரிவும் குளம்பின் முன்பக்கச் சரிவும் ஒரே கோட்டில் ஓட வேண்டும். கோடு உடைந்து குளம்பு முன்னே நீண்டு கிடந்தால் காலின் பின்நரம்பு ஒவ்வொரு அடியிலும் இழுபடும். பந்தயக் குதிரைகளில் நரம்பு வீக்கம் என்று எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருப்பதில் ஒரு பங்கு, சீவத் தவறிய முன்குளம்பால் வருவதுதான்.

லாடத்துக்கு வருவோம். குளம்புக்குத் தக்கபடி லாடத்தை வளைக்க வேண்டும். லாடத்துக்குத் தக்கபடி குளம்பைத் தேய்க்கக்கூடாது. நம் ஊரில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது. பையில் இருக்கிற அளவு சின்னதாக இருந்தால், லாடத்தை அடித்துவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குளம்பை அரத்தால் ராவிவிடுவார்கள். பார்வைக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் ஆணி பிடிக்க வேண்டிய சுவரைத்தான் ராவித் தள்ளியிருக்கிறார்கள். குளம்பின் அகலமான இடத்துக்குப் பின்னால் லாடம் குளம்பைவிட ஒரு நாணயத்தின் கனம் வெளியே நிற்க வேண்டும். குதி விரிய இடம் வேண்டும். லாடத்தின் இரு முனைகளும் குதியின் முடிவுவரை வர வேண்டும். கட்டையாக நின்றால் ஆறு வாரத்தில் குளம்பு வளர்ந்து லாடம் முன்னே நகர, அந்த முனைகள் உள்ளங்குளம்பின் மூலையில் போய் அழுத்தும். அங்கே உள்ளே ரத்தம் கட்டிச் சிவக்கும். கழற்றிப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது.

இப்போது பரவலாகிவரும் ஒரு கெடுதலைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடையில் லாடம் கிடைக்கவில்லை என்று வெல்டிங் பட்டறையில் இரும்புப் பட்டையை வளைத்து, டிரில்லிங் மிஷினில் துளை போட்டு வாங்குகிறார்கள். பட்டை சரி, 8 முதல் 10 மி.மீ. கனமுள்ள மெல்லிரும்பு நல்லதுதான். தப்பு அந்தத் துளையில் இருக்கிறது. குதிரை லாட ஆணியின் தலை, மேலே அகன்று கீழே குறுகும் நாலுபட்டைத் தலை. அது லாடத்துக்குள் இறுக உட்கார்வதற்கு, துளையும் அதே வடிவில், பழுக்கக் காய்ச்சிய இரும்பில் துளையாணி வைத்துக் குத்தி எடுத்ததாக இருக்க வேண்டும். வட்டத் துளையில் ஆணித்தலை உட்காராமல் மேலே துருத்தி நிற்கும். தார் ரோட்டில் நாலு நாள் ஓடினால் தலை தேய்ந்து போகும். தலை போன ஆணி லாடத்தைப் பிடிக்காது. துளையைப் பெரிதாகப் போட்டிருந்தால் ஆணி உள்ளே ஆடும். ஆடுகிற ஆணி குளம்பில் தன் வழியைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். லாடம் நிற்கவில்லை என்று இன்னும் இரண்டு ஆணி கூடுதலாக அடிக்கச் சொல்வார் குதிரைக்காரர். ஒரு கெடுதலுக்கு இன்னொரு கெடுதல் மருந்தாகாது. வெல்டிங் பட்டறையிலேயே செய்வதென்றாலும் துளையாணி ஒன்றைக் கடைந்து கொடுத்து, காய்ச்சிக் குத்தச் சொல்லுங்கள். கட்டுமானக் கம்பியை அடித்துத் தட்டையாக்கிய லாடம் வேண்டவே வேண்டாம்.

சாதாரணக் கம்பி ஆணியை அடிக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். லாட ஆணியின் நுனியைக் கையில் வைத்துப் பார்த்தால், ஒரு பக்கம் மட்டும் சாய்வாகச் சீவியிருப்பது தெரியும். அந்தச் சாய்வு குளம்பின் உள்பக்கம் பார்க்க வேண்டும். அப்போதுதான் ஆணி உள்ளே போகப்போக வெளிப்புறமாக வளைந்து சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். திருப்பிப் பிடித்து அடித்தால் நேராக உயிர்ச்சதைக்குத்தான் போகும். உருண்டைக் கம்பி ஆணிக்கு இந்தச் சாய்வு கிடையாது. அது எந்தப் பக்கம் போகும் என்று அடிப்பவருக்கே தெரியாது. நம் பக்கத்துச் சிறு குதிரைகளுக்கு 4-ம் எண் ஆணியும், சற்றுப் பெரிய உருப்படிக்கு 5-ம் எண்ணும் பொதுவாகச் சரியாக வரும்.

உள்ளங்குளம்பும் சுவரும் சேரும் இடத்தில் வெளிர் நிறத்தில் ஒரு கோடு ஓடும். ஆணி அந்தக் கோட்டின் வெளி விளிம்பில் இறங்க வேண்டும். கோட்டுக்கு உள்ளே ஒரு நூல்கூடப் போகக்கூடாது. முன்பக்கத்தில் சுவர் ஏறத்தாழ 8 முதல் 10 மி.மீ. கனம்தான், பின்னே போகப்போக இன்னும் மெலியும். வெளிப்பக்கம் நான்கு, உள்பக்கம் மூன்று என்று ஏழு ஆணி போதும். சிறு குதிரைக்கு ஆறே போதும். கடைசி ஆணி குளம்பின் அகலமான இடத்தைத் தாண்டிப் பின்னே போகக்கூடாது. நுனி, லாடத்திலிருந்து ஏறத்தாழ 2 செ.மீ. உயரத்தில் வெளியே வர வேண்டும். ரொம்பத் தாழ வந்தால் பிடிப்பு இருக்காது. ரொம்ப மேலே வந்தால் சதையை ஒட்டிப் போயிருக்கிறது என்று அர்த்தம். நல்ல ஆசாரி காதாலும் வேலை செய்வார். ஆணி கெட்டிச் சுவரில் ஏறும்போது ஒவ்வொரு அடிக்கும் ஓசை கணீரென்று கூடிக்கொண்டே போகும். ஓசை மந்தமானாலோ, குதிரை காலை வெடுக்கென்று இழுத்தாலோ, அந்த ஆணியை உடனே பிடுங்கிவிடுவார். "சும்மா பயப்படுது" என்று சொல்லிக்கொண்டே அடுத்த அடி அடிப்பவரைத் தடுத்து நிறுத்துங்கள். வெளியே வந்த நுனியை அந்தக் கணமே முறுக்கி ஒடிக்க வேண்டும். ஒடிக்காமல் விட்ட நுனி, குதிரை காலை உதறினால் அடிப்பவரின் தொடையைக் கிழிக்கும். மடக்கைப் படியவைத்த பின் அதற்கு மேலே குளம்பின் வெளிப்பக்கத்தை அரத்தால் மினுக்கக் கூடாது. அங்கிருக்கும் மெல்லிய மேற்பூச்சுதான் குளம்பின் ஈரத்தைக் காக்கிறது.

வேலை முடிந்ததும் கெட்டித் தரையில் நடக்கவும் ஓடவும் விட்டுப் பார்த்த பிறகே கூலி கொடுங்கள். உடனே நொண்டினால் ஆணி சதையில் குத்தியிருக்கிறது. அன்று நன்றாக நடந்து, இரண்டிலிருந்து ஐந்து நாளுக்குள் நொண்டத் தொடங்கினால், ஆணி சதையை நெருக்கிக்கொண்டிருக்கிறது, அல்லது உள்ளே சீழ் வைக்கிறது. குளம்பைத் தொட்டால் மற்றக் கால்களைவிடச் சூடாக இருக்கும். கணுவுக்குப் பின்னால் விரல் வைத்தால் நாடி துள்ளும். ஒவ்வொரு ஆணியாகச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்த்தால் எந்த ஆணி என்று குதிரையே காட்டிக்கொடுக்கும். அந்த ஆணியை எடுத்துவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். சீழ் வெளியேற வழி செய்வதும், ரணஜன்னி எனும் டெட்டனஸ் ஊசி போடுவதும் அவர் வேலை. டெட்டனஸுக்குக் குதிரையைப்போல எளிதில் இரையாகும் வீட்டு விலங்கு வேறில்லை. வந்தபின் பிழைப்பது அரிது. தடுப்பூசி எப்போது போட்டது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நொண்டும் குதிரையை வண்டியில் பூட்டுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.

எல்லாக் குதிரைக்கும் லாடம் வேண்டுமா என்றால், வேண்டாம். இது பலருக்குத் தெரிவதில்லை. தார் ரோட்டில் வண்டி இழுக்கும் குதிரைக்கு லாடமில்லாமல் முடியாது. திசையன்விளைப் பக்கம் தேரி மணலிலும், தோப்பிலும், புல்வெளியிலும் மட்டும் நடமாடும் குதிரைக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு சீவல் போதும். சிலவற்றுக்கு முன்னங்கால் இரண்டுக்கு மட்டும் லாடம் போதும். லாடத்தோடு பழகிய குதிரையை வெறுங்காலுக்கு மாற்றினால் சில மாதம் கல்லில் நடக்கக் கூசும். அதுவரை சரளைப் பாதையில் விடக்கூடாது. சீவாமல் விடலாம் என்று மட்டும் நினைக்கக்கூடாது. லாடமில்லாத குளம்பு மணலில் தேய்வதைவிட அதிகம் வளரும். ஓரம் பிளந்து மேலே ஏறும்.

பருவமும் கணக்கில் வர வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் குளம்பு காய்ந்து வெடிக்கும். அதற்காகத் தினமும் தண்ணீரில் நிறுத்தி, பிறகு வெயிலில் காயவிடுவது வெடிப்பை அதிகமாக்கும். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து ஆணித்துளைதான் பெரிதாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தலைகீழ்த் தொல்லை. ஈரச் சாணியில் நிற்கும் குதிரையின் நடுமெத்தைப் பள்ளத்தில் கறுப்பாக, நாற்றம் குடலைப் புரட்டுகிற கசிவு வரும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் சேறு குளம்புக்குள் அப்பி இறுகிவிட்டால் ஒரே வாரத்தில் இது வந்துவிடும். தினமும் குதியிலிருந்து நுனிப்பக்கமாகக் குத்தி எடுத்துச் சுத்தம் செய்து, காயவைத்து, நீர்த்த அயோடின் கரைசலைப் பஞ்சில் தொட்டுப் பள்ளத்தில் வையுங்கள். மயில்துத்தமும் கேட்கும், ஆனால் சதை தெரிகிற புண்ணில் வைத்தால் எரித்துவிடும். எரிந்த எஞ்சின் ஆயிலைத் தடவும் பழக்கத்தை விட்டுவிடலாம். தரை காய்ந்திருந்தால் பாதி வைத்தியம் முடிந்தது.

ஆள் வரும்வரை லாடம் பாதி கழன்று தொங்கினால் அப்படியே விடக்கூடாது. முறுக்கிக்கொண்ட லாடத்தின் ஆணி உள்ளங்குளம்பில் ஏறும். மடக்குகளை அரத்தால் தேய்த்துவிட்டு ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கழற்றிவிடுங்கள். குளம்பின் அடியில் குழந்தைகளுக்குக் கட்டும் டயாப்பர் ஒன்றை வைத்து, அகலமான ஒட்டு டேப்பால் சுற்றினால் இரண்டு நாள் தாங்கும். டேப் மேலே முடி வரம்பில் ஏறிக் காலை இறுக்கக்கூடாது. அந்தக் காலோடு ரோட்டில் நடத்திக்கொண்டு ஆசாரியிடம் போகாதீர்கள். குட்டி யானை வண்டியில் ஏற்றிப் போங்கள்.

வருபவர் ஏன் மறுபடி வருவதில்லை என்பதையும் பேச வேண்டும். காலைத் தூக்கப் பழக்காத குதிரை, இழுத்துப் பிடிக்க ஆளில்லாத வீடு, சேறும் சாணியுமான இடம், "அடுத்த தடவை சேர்த்துத் தாறேன்" என்கிற கூலி. இப்படிப்பட்ட வீட்டுக்கு யாரும் இரண்டாம் முறை வரமாட்டார்கள். குட்டியிலிருந்தே தினம் இரண்டு நிமிடம் ஒவ்வொரு காலையும் தூக்கி, குளம்பில் லேசாகத் தட்டிப் பழக்குங்கள். ஆள் வரும் நாளில் நிழலான, காய்ந்த, கெட்டியான தரை வேண்டும், கடப்பைக்கல் வழுக்கும். குளம்பை முதல் நாளே கழுவிக் காயவிட வேண்டும். நனைந்த குளம்பில் கத்தி நழுவும். சீவலுக்குத் தனிக் கூலி, லாடத்துக்குத் தனிக் கூலி என்று பேசிக்கொள்ளுங்கள். சீவலுக்குக் கூலி இல்லையென்றால் சீவாமலே அடிப்பார்; நியாயம்தானே?

ஆகவே எங்கள் யோசனை இது. பாளையங்கோட்டை, மேலப்பாளையம், பேட்டை பக்கம் ஒரு சுற்று. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி ஒரு சுற்று. வள்ளியூர், நாங்குநேரி, திசையன்விளை ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் குதிரைக்காரர்கள் சேர்ந்து ஆறு வாரத்துக்கு முன்பே நாள் குறித்து, ஒரே இடத்துக்குக் குதிரைகளைக் கொண்டுவர வேண்டும். வண்டிச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். அன்று குதிரை வராவிட்டாலும் பாதிக் கூலி உண்டு என்று எழுதிக்கொள்ள வேண்டும். ஆறு வாரத்துக்குப் பிறகு இந்த நாளில் இத்தனை குதிரை நிற்கும் என்று சொன்னால், அரம், கத்தி, குறடு என்று முதல் போட ஒரு பட்டறைக்காரர் துணிவார். லாடம் விழுந்தபின் கூப்பிட்டால் துணியமாட்டார்.

பயிற்சிக்கு வெளியூர் தேட வேண்டியதில்லை. இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாட்டுக்கு லாடம் அடிப்பவர்களையும் ஆர்வமுள்ள பட்டறை இளைஞர்களையும் கூட்டி, ஒரு மாதத்துக்குக் குறையாத பயிற்சி ஒன்றைக் கல்லூரி நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இராணுவத்தின் ரிமவுண்ட் கால்நடைப் பிரிவு மீரட்டில் தன் லாடக்காரர்களைப் பயிற்றுவிக்கிறது; அங்கே பணிபுரிந்து ஓய்வுபெற்றவர்களை, சென்னை போலீஸ் குதிரைப் பிரிவில் வேலை பார்த்தவர்களை ஆசிரியர்களாக அழைக்கலாம். பிரிட்டனில் 1975-ம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெறாதவர் குதிரைக்கு லாடம் அடிப்பதே குற்றம். அந்த அளவுக்கு நாம் கேட்கவில்லை. பயிற்சி முடித்தவருக்கு ஒரு சான்றும், அவர்கள் பெயர்ப் பட்டியல் ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் ஒட்டப்படுவதும் போதும்.

பயிற்சியின் முதல் வாரம் உயிருள்ள குதிரை வேண்டாம். இறந்த குதிரைகளின் கால்களை, உடற்கூறு ஆய்வு முடிந்தபின் உறையவைத்து, நடுவில் அறுத்துக் காட்ட வேண்டும். சுவர் எவ்வளவு மெல்லியது, அதை ஒட்டிச் சதை எங்கே தொடங்குகிறது, ஆணி எந்த வழியில் போக வேண்டும் என்பது அந்த ஓர் அறுப்பில் விளங்கிவிடும். மற்றக் கால்களில் ஆணி அடித்துப் பழகி, அடித்த பிறகு அவற்றையும் அறுத்து, தன் ஆணி எங்கே போயிருக்கிறது என்று ஒவ்வொருவரும் பார்க்கட்டும். மழைக்காலத்துக்கு முன் தொடங்கினால் தை மாதப் பந்தயங்களுக்குள் முதல் அணி தயாராகிவிடும்.

இப்படிக்கு,
குதிரை வளர்ப்போர் சிலர்,
பாளையங்கோட்டை.